நீதிமன்றமும் உளவியலும்

(இளைஞர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

“படித்து முடித்தபின் என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறாய், தம்பி?” என ஊரிலே பெரியோர் என்னைக் கேட்பதுண்டு. நீதிசார் உளவியலாளன் ஆக விரும்புகிறேன் என்பேன். “அது டொக்டர் வேலையோ, பொலிஸ் வேலையோ?” என்ற வினா உடனே எழும். இரண்டுமன்று. சினிமாப் படங்களிற் காட்டுவது போல, முகத்தைப் பார்த்தே கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் வித்தையுமன்று. மனிதருடைய நினைவு, அச்சம், மனநிலை என்பவற்றை முறைப்படி ஆராய்ந்து, கண்ட முடிபை நீதிமன்றுக்கும் சிறைச்சாலைக்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இத்தொழில். ஆங்கிலத்திலே ‘பொரென்சிக் சைக்கொலொஜி’ என வழங்குவது இதுவே.

இதன் பயன் யாது என்பதை, இத்துறையிலே புகழ்பெற்ற ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

ஐஸ்லாந்திலே 1947ஆம் ஆண்டு பிறந்த கிஸ்லி குட்ஜோன்சன் என்பவர், 1970களில் அந்நாட்டிற் பொலிஸ் உத்தியோகத்தராகப் பணியாற்றினார். ஒரு பெண்ணின் பணப்பையைத் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரை அவர் அக்காலத்தில் விசாரித்தார். மதுபோதையினால் நினைவு தெளிவற்றிருந்த அம்மனிதர், தாமே அதனை எடுத்திருக்க வேண்டுமென ஒப்புக்கொண்டார். பின்னரோ, அப்பணப்பை திருடப்படவேயில்லை என்பது தெரியவந்தது. நடவாத குற்றத்தை ஒருவர் தம்முடையதென ஏற்றுக்கொண்டார்! இது எவ்வாறு நேர்ந்தது என்ற வினாவே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. இங்கிலாந்திலே உளவியல் பயின்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பேராசிரியரானார்.

1984ஆம் ஆண்டு அவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். ஒரு சிறுகதையை வாசித்துக் காட்டி, நினைவிலுள்ளதைச் சொல்லச் செய்வர். பின்னர் இருபது வினாக்கள் கேட்பர். அவற்றுட் பதினைந்து, கதையில் இல்லாததை இருப்பதாகக் காட்டித் திசைதிருப்புவன. விடைகள் கூறியபின், “நீர் பல பிழைகள் விட்டுவிட்டீர், மீண்டும் கவனமாகச் சொல்லும்” எனக் கண்டிப்புடன் உரைத்து, அதே வினாக்களைத் திரும்பக் கேட்பர். எத்தனை முறை ஒருவர் பிறர் சொல்லுக்கு இணங்கினார், எத்தனை விடைகளை மாற்றினார் என்பதை இவ்வாறு எண்ணி அளக்கலாம். ஒருசிறிது கண்டிப்புக்கே மனம் தளருபவர் பலர் எனின், பொலிஸ் காவலிலே, உறக்கமின்றி, தனிமையில் இருப்பவர் நிலையை என்னென்பது?

1974இல் இங்கிலாந்திலே கில்ட்போர்ட் என்னும் ஊரில் இரு மதுச்சாலைகளிற் குண்டுகள் வெடித்து ஐவர் மாண்டனர். அடுத்த ஆண்டு நால்வருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அவர்கள் அளித்த குற்ற ஒப்புதலே அவர்களுக்கெதிரான சான்று. கைதாகியபோது பதினேழு வயதேயான ஒரு பெண்ணும் அவர்களுள் ஒருவர். 1986இல் அப்பெண்ணைச் சோதித்த குட்ஜோன்சன், அவருடைய ஒப்புதல் நம்பத்தக்கதன்று எனக் கண்டார். 1989இல் நால்வரும் விடுதலையாயினர்.

அவருடைய தாய்நாட்டிலும் இத்தகைய வழக்கொன்று இருந்தது. 1974இல் இருவர் காணாமற் போனதன் தொடர்பில் 1980இல் அறுவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுடைய ஒப்புதல்களை ஆராய்ந்த குழுவில் அவரும் பணியாற்றினார். 2018இல் உயர் நீதிமன்றம் ஐவரை அம்மரணங்கள் தொடர்பான குற்றச்சாட்டுகளினின்றும் விடுவித்தது. அவ்வைவருள் இருவர் அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடிருக்கவில்லை.

பெரியோர்களே, இது எங்கோ நடந்த கதையன்று. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை அளித்தவருக்கெதிராகச் சாட்சியமாக்கலாகாது என்பது, 1895ஆம் ஆண்டின் எமது சாட்சியக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை ஏற்கலாமென விதிவிலக்கு அமைத்தது. அதன் விளைவை எம்மவரிற் பல குடும்பங்கள் நன்கறியும். ஒப்புதலை நிறுத்துப் பார்க்கும் அறிவு எமக்கு வேண்டாததென யார் கூறவல்லார்?

இத்தொழிலுக்குச் செல்லும் வழி குறுகியதன்று. இங்கிலாந்திலே, அங்கீகரிக்கப்பட்ட உளவியற் பட்டமும், அதன்மேல் நீதிசார் உளவியலில் முதுமாணிப் பட்டமும் பெற்று, மேலும் இரண்டாண்டுகளேனும் மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி செய்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல், பதிவு பெறாதார் அப்பெயரைச் சூடுவது அங்கே சட்டவிரோதம். பலர் சிறைச்சாலைகளிற் பணியாற்றுகின்றனர். ஒரு கைதியை விடுவித்தால் மீண்டும் குற்றம் புரிவாரோ என மதிப்பிடுவதும் அவர்கள் கடமை. அம்மதிப்பீடு சில வேளை கைதிக்கு உதவும்; சில வேளை உதவாது. கூலி தருபவர் விரும்பும் முடிபை எழுதுபவருக்கு இத்தொழில் ஏற்றதன்று.

எமது நாட்டிலே இத்துறை இன்னும் வளரவேண்டியுள்ளது. நீதிமன்றங்களுக்கு மனநிலை பற்றிய அபிப்பிராயம் வழங்குபவர்கள் பெரும்பாலும் மனநோய் வைத்தியர்களே. ஆதலின், இதை நாடும் இளைஞருக்கு உடனே நாற்காலியும் சம்பளமும் காத்திருக்குமென நான் கூறமாட்டேன். உளவியலுடன் சட்டமும் புள்ளிவிபரமும் கற்று, தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பழகிக்கொண்டால், வழி திறக்கும்போது புகுவதற்கு ஆயத்தமாயிருக்கலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இவ்வழியிற் செல்ல விரும்பினால், ‘இதுவும் ஒரு படிப்போ?’ எனத் தடுக்காதீர்கள். தன் சொல்லாலேயே சிறைப்பட்ட ஒருவருக்கு, அச்சொல்லின் உண்மை நிறையை எடுத்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும். அவ்வாள் எம்முள் ஒருவராக இருக்கட்டும்.