ஒரு கேள்வி, ஒரு வாக்கு

தலைநகரில் வாழும் தமிழன்பர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மீனும் அப்பளமும் நாடி அங்கே செல்கின்றவர்கள், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்த்து வேண்டியதை மட்டும் வாங்கி வருகிறார்கள். பொதுத் தேர்தலில் இது இயலாது. ஒரு கட்சியின் கொள்கைகள் அனைத்தும் அங்கே ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பிடித்தவை நான்கு, பிடிக்காதவை இரண்டு என்றாலும் மூட்டையை முழுவதுமாகவே ஏற்க வேண்டும்.

அந்த மூட்டையை அவிழ்த்து, ஒரு பிரச்சினையை மட்டும் மக்கள் முன் வைப்பதே பொதுஜன வாக்கெடுப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மக்களே சட்டங்களை முன்மொழிந்து வாக்களிக்கும் முறை 1911ஆம் ஆண்டிலேயே ஏற்கப்பட்டது. 1978இல் அம்மாநில மக்கள் தங்கள் வாக்கினாலேயே சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தார்கள். நமது அரசியல் சட்டத்தில் இத்தகைய ஏற்பாடு இல்லை. எனினும் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, கோவா மக்களின் கருத்தை ஒரு முறை நேரே கேட்டறிந்தது.

போர்ச்சுகீசியர் ஆட்சியினின்றும் 1961இல் விடுபட்ட கோவாவில், 1963ஆம் ஆண்டுத் தேர்தலில் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி வென்றது. தயானந்த் பந்தோட்கர் முதலமைச்சரானார். கோவாவை மகாராஷ்டிரத்துடன் இணைப்பதே அக்கட்சியின் தலையாய கொள்கை. ஜாக் டி செக்வேராவின் தலைமையில் ஐக்கிய கோவா கட்சி அதனை எதிர்த்தது. 1967 ஜனவரி 16ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. இணைப்புக்கு மலர் சின்னம். மத்திய ஆட்சிப் பகுதியாகவே நீடிப்பதற்கு இரண்டு இலைகள். இலைகளுக்கு 1,72,191 வாக்குகளும், மலருக்கு 1,38,170 வாக்குகளும் விழுந்தன.

வியப்பு யாதெனில், அதே ஆண்டு மார்ச்சில் நடந்த சட்டசபைத் தேர்தலில் மீண்டும் பந்தோட்கர் கட்சியே வென்றது. அவருடைய ஆட்சியை விரும்பியவர்களுள் ஒரு சாரார் அவருடைய இணைப்புக் கொள்கையை விரும்பவில்லை என்பது தெளிவு. தனியே கேட்டிராவிட்டால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஆயினும் இம்முறையில் இரண்டு செய்திகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது, கேள்வியின் அமைப்பு. கோவா தனி மாநிலமாக வேண்டுமா என்று அன்று கேட்கப்படவில்லை. அந்நிலையை அடைய 1987 மே 30 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கேள்வியை வகுப்பவர் விடையின் எல்லையையும் வகுத்துவிடுகிறார்.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பது. பிழைப்பை நாடி வெளியூர்களில் குடியேறிய கோவா மக்களுக்கும் வாக்களிக்கும் உரிமை வேண்டுமென்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. பிறந்த மண்ணின் எதிர்காலம் முடிவானபோது அவர்கள் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இச்செய்தி நம்மையும் தொடுகிறது. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ சொந்த வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்வூரில் சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. ஒருவருடைய பெயர் இரண்டு தொகுதிகளில் இருத்தலும் ஆகாது. எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் நமது வாக்கு. குழந்தைகளின் பள்ளிக்கூடம், குடிதண்ணீர், தெருவிளக்கு, பஸ் வசதி ஆகியவை பற்றிய முடிவுகளும் இங்கேயே பிறக்கின்றன.

சர்க்கார் குடியிருப்பு மாறும்போதும், வாடகை வீடு மாறும்போதும் காஸ் இணைப்பை மறவாமல் மாற்றுகிறோம்; வாக்காளர் பட்டியலிலுள்ள விலாசத்தை மாற்ற மறந்துவிடுகிறோம். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், குடும்பத்திலுள்ள பதினெட்டு வயது நிரம்பிய அனைவருடைய பெயர்களும் பட்டியலில் உள்ளனவா என்று இவ்வாரமே பார்த்துவிடுதல் நலம். கேள்வி மூட்டையாக வந்தாலும் தனியாக வந்தாலும், பட்டியலில் பெயர் உள்ளவரையே அது வந்து கேட்கும்.