ஆராதனையின் பொருளும் பயனும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் முடிந்து வெளியே வருகையில் நம் அங்கத்தினர் ஒருவர் என்னை நோக்கி, "ஞாயிறுதோறும் ஆலயம் செல்கின்றீர்களே, அங்கே நடப்பது யாது? பாட்டும் பிரசங்கமும் தாமோ?" என வினவினார். திருக்கோயில் செல்வோரும் கிறிஸ்தவ ஆலயம் செல்வோரும் நம் சங்கத்தில் ஒருங்கே இருத்தலின், அவ்வினாவிற்குச் சபையறிய விடையிறுத்தல் முறையெனக் கருதினேன்.

பாட்டும் பிரசங்கமும் உண்டு. ஆயினும் அவை விருந்திற்கு முன் இலை போடுவதை ஒக்கும். ஆராதனையின் நடுநாயகம் பந்தியே. இயேசுநாதர் தாம் மரிப்பதற்கு முந்திய இரவில் சீஷர்களோடு அமர்ந்து உண்டதை நினைந்து, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்து உண்பதே அது. புரொட்டெஸ்டாண்டார் இதனை இராப்போஜனம் என்பர். கத்தோலிக்கர் நற்கருணை என்பர். இதற்குரிய பழைய கிரேக்கப் பெயரோ நன்றி செலுத்துதல் எனப் பொருள்படும்.

கி.பி. 150-ஐ ஒட்டி ஜஸ்டின் என்னும் ஞானி, உரோமச் சக்கரவர்த்திக்கு வரைந்த விண்ணப்பத்தில் இவ்வாராதனையை விவரிக்கின்றார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்திற் கூடுவர், வேதம் வாசிக்கப்படும், அப்பமும் இரசமும் பகிரப்படும், வர இயலாதார்க்கு அவை வீட்டிற்கே அனுப்பப்படும். அன்று சேரும் காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறையில் வாடுவோர் ஆகியோர்க்குச் செல்லும். தெய்வத்திற்கு நன்றி கூறுதலும் இல்லாதார்க்கு ஈதலும் அக்காலத்தில் வெவ்வேறு காரியங்களாக இருந்தில.

ஆனால் பந்தியென்றால் முந்தியும் பிந்தியும் உண்டல்லவா? கொரிந்துப் பட்டணத்துச் சபையில் செல்வர் முந்தி உண்டு வெறிக்க, ஏழைகள் பசித்திருந்தனர். பவுல் அப்போஸ்தலர் அவர்களைக் கடிந்து, நீங்கள் உண்பது ஆண்டவர் பந்தியே அன்று என்னும் கருத்துப்பட எழுதினார்.

நம் நாட்டில் வந்தது ஜாதி. 1833-இல் அத்தியட்சர் டேனியல் வில்சன், திருச்சபையில் ஜாதி பேதம் அறவே ஒழியவேண்டுமென நிருபம் விடுத்தார். தஞ்சையிற் பலர் ஜாதியை விடாது சபையை விட்டனர்! திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில், பீடம் ஒன்று. அதனை நோக்கிய கூடங்கள் இரண்டு. ஜாதி கலவாதிருக்க நடுவே சுவர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதன்மேலும் வழக்காடினர்.

பிறர் குறையை மட்டும் கூறி அமர்தல் நேர்மையன்று. எங்கள் ஊர் ஆலயத்தில் பாத்திரம் முதலில் நம் வரிசைக்கே வருமென்று என் பாட்டியார் பெருமையாய்ச் சொல்வார். சிறுவனாகிய நானும் அதைப் பெருமையென்றே நம்பினேன். நம்மவர் வீடுகளில் அப்பேச்சு இன்னும் மாறவில்லை, மறைப்பதிற் பயனில்லை.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தது. 1950-இல் அது வகுத்த ஆராதனை முறையில், பந்திக்கு முன் சமாதானம் வழங்கும் சடங்கொன்று உண்டு. குருவானவர் அருகிலுள்ளாரின் கைகளைப் பற்றி வாழ்த்த, அவர் அடுத்தவரைப் பற்ற, அவ்வாழ்த்துக் கைக்குக் கை கடைசி வரிசை வரை செல்லும். தீண்டாமை பேசிய நாட்டில் தொட்டு வாழ்த்துதலை ஆராதனையிலேயே இடம்பெற வைத்தனர். நண்பர் கேட்ட வினாவிற்கு இதனினும் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

அவ்வேளை வரும்பொழுதெல்லாம் என் பாட்டியார் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். அருகிலிருந்து நான் பார்த்திருக்கின்றேன்.