சரிவுக்குக் குறுக்கே ஒரு பாத்தி
(பாடசாலைத் தோட்டம் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



"படிக்க அனுப்பிய பிள்ளைக்கு அங்கேயும் மண்வெட்டியா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நடந்ததைச் சொல்கிறோம்.

முதல் வருடம் பாத்திகளை மேலிருந்து கீழாக, பார்க்க அழகாகப் போட்டோம். ஆனி மழை ஒரே இரவில் கோவா, லீக்ஸ் கன்றுகளோடு மண்ணையும் ரோட்டில் கொண்டுபோய்ப் போட்டது. ஒரு மாணவியின் தாத்தா வந்து பார்த்துச் சிரித்தார். காலமெல்லாம் கான் வெட்டியவர். "சரிவுக்குக் குறுக்கே போடணும் சேர். கானுக்குள்ள இடைக்கிடை குழி வைங்க, மண்ணு அதுல தங்கிடும்" என்றார். இப்போது மூன்று தடி, ஒரு கயிறு, ஒரு கல் வைத்து மட்டம் பிடிக்கத் தரம் 8 பிள்ளைகளுக்குத் தெரியும். கற்றுக்கொடுத்தது நாங்கள் அல்ல.

மழை நாளில் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறம். அது நம் மலைகளின் மேல்மண். அதே தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், மறுநடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலா புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றச் சொல்கிறது. கவ்வாத்துக் கிளைகளையும் மலையிலேயே விடச் சொல்கிறது. விறகில்லாத வீட்டில் அதை யார் கேட்பார்கள்? கேஸ் விலையையும் சேர்த்துத்தான் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடைசெய்தது. நவம்பரில் கைவிட்டது. கூட்டெரு செய்ய நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழுந்து குறைந்தது, கிலோ குறைந்தால் அரைப்பேர் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். கூட்டெரு ஒரு உத்தரவில் மக்கிவிடாது. நம் குளிருக்கு மூன்று மாதத்துக்கு மேலேயே ஆகிறது. அதனால்தான் பிள்ளைகள் இப்போதே குழி வெட்டுகிறார்கள்.

ஆனால் லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறித் தோட்டத்தை அகற்றச் சொல்லும் நிர்வாகமும் உண்டு. நாளை பறிபோகும் நிலத்தில் போஞ்சி போடலாம், பேரிக்காய்க் கன்று வைப்போமா? சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது மரத்தின் வேர்தான். தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். உறுதி கைக்கு வராத குடும்பங்கள் எத்தனையோ.

எனவே அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் யார் எவ்வளவு நிலத்தில், எப்போதிருந்து பயிர் செய்கிறார்கள் என்று தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் லயம் லயமாக எழுதித் தாருங்கள். பிள்ளைகள் அளந்து கொடுப்பார்கள். எழுத்தில் அனுமதி கேட்க அந்தக் கணக்கு நமக்கு வேண்டும்.

சனிக்கிழமை காலை தாத்தா கான் வெட்டிக் காட்டுகிறார். வரும்போது மரக்கறிக் கழிவை வாளியில் கொண்டுவாருங்கள். பொலித்தீன் பையில் வேண்டாம், போன முறை பொறுக்கியே பாதி நாள் போனது.