மணல் தீர்ந்ததா, இல்லையா?

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். மணி அடிக்கும்போது வாக்கியத்தின் நடுவில் இருந்தால் அப்படியே நிறுத்திவிட வேண்டுமா, முடித்துக்கொள்ளலாமா என்று செயலாளரைக் கேட்டேன். "அதெல்லாம் அப்பப் பார்த்துக்கலாம் சார்" என்றார். அந்த "அப்பப் பார்த்துக்கலாம்" பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பலகை விளையாட்டு என்றால் என் வயதுக்காரர்களுக்குத் தாயமும் கேரமும் செஸ்ஸும்தான். மூன்றிலும் எதிராளி உண்டு. இப்போது இளைஞர்கள் ஆடுகிற ஒரு வகையில் எல்லோரும் ஒரே கட்சி. ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்போம், தோற்றால் எல்லோரும் தோற்போம். அவற்றில் சிலவற்றில் கடிகாரமே எதிராளி.

2017-இல் வெளிவந்த 'மேஜிக் மேஸ்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு காய்கள் ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் புகுந்து, தங்களுக்கு வேண்டிய பொருளைத் திருடிக்கொண்டு வெளியேற வேண்டும். காய் யாருக்கும் சொந்தமில்லை. உங்களுக்கு வடக்கு, எனக்குத் தெற்கு என்று திசைகள்தான் சொந்தம். பேசக் கூடாது, ஜாடையும் காட்டக் கூடாது. மூன்று நிமிஷ மணற்கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட சில கட்டங்களில் காய் போய் நின்றால் கடிகாரத்தைத் திருப்பலாம். அப்படி ஒரு கட்டம் ஒரு தடவைக்குத்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே இரண்டு நிமிஷ மணல் இருக்கும்போது திருப்பினால் கையில் மிஞ்சுவது ஒரே நிமிஷம். பத்து விநாடி இருக்கும்போது திருப்பினால் கிட்டத்தட்ட மூன்று நிமிஷமும் கிடைக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசி வரைக்கும் காத்திருப்பார்கள். காய் கட்டத்தை மிதிப்பதும் கடைசி மணல் விழுவதும் ஒரே நொடியில் நடப்பது அதனால்தான். மணல் தீர்ந்தால் தோல்வி என்பது தெளிவு, கட்டத்தை மிதித்தால் கடிகாரம் திரும்பும் என்பதும் தெளிவு. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் தகராறு.

இந்தத் தகராறு மற்ற ஆட்டங்களுக்குப் புதிதல்ல. மாணவனாக இருந்த காலத்தில் செஸ் போட்டிகளில் கடிகாரம் பார்த்தவன் நான். அங்கே விதி அழகாக இருக்கும்: நடுவர் கவனித்தாலோ, ஆட்டக்காரர் முறையாகக் கோரினாலோதான் கொடி விழுந்ததாகக் கணக்கு. கூடைப்பந்தில் ஒலி எழும்புவதற்கு முன் பந்து கையை விட்டிருந்தால், அது காற்றில் இருந்தாலும் கூடைக்குள் விழுந்தால் புள்ளி உண்டு. இரண்டிலும் எதிர்க்கட்சி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே கட்சியாக ஆடும்போது யார் பார்ப்பது? சந்தேகத்தின் பலனை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வோம், ஆட்சேபிக்க ஆளில்லை.

ஆட்சேபிக்கிற ஆள் ஒருத்தி இருந்தால் என்ன ஆகும் என்பதை என் அக்கா வீட்டில் பார்த்தேன். கடைசிக் காய் வெளியேற ஒரு கட்டம் பாக்கி. அக்காவின் பேத்திக்குப் பத்து வயசு. "மணல் முடிஞ்சிருச்சு தாத்தா" என்றாள். பெரியவர்கள் இருவர், "பரவால்ல, போகட்டும்" என்றார்கள். அவளுடைய அண்ணன் கேட்டான்: "நீ யாரு கட்சி?" பிள்ளை எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க அவள் ஆட வரவில்லை. நான் பார்த்தவரை மணல் தீர்ந்துதான் இருந்தது, அதைச் சொன்னேன். ஆனாலும் கண்ணால் பார்த்ததைச் சொன்னவள் துரோகி ஆகிவிட்டாள் பாருங்கள். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எந்த நொடியைக் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே யாரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், கடிகாரத்தைத் திருப்புவதற்கு முன்னாலேயே இரண்டொரு விஷயம் பேசிவிடுகிறோம். 'மேஜிக் மேஸி'ல் கை கடிகாரத்தைத் தொடும்போது மேல் குப்பியில் மணல் இருக்க வேண்டும். காய் எப்போது வந்தது என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். காலிக் குப்பியை வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது. 2012-இல் வந்த 'எஸ்கேப்' ஆட்டத்தில் வேறு மாதிரி. பத்து நிமிஷ ஒலிப்பதிவு ஓட ஓட எல்லோரும் ஒரே சமயத்தில் பகடை உருட்டுவார்கள். இடையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்பதற்குள் புறப்பட்ட அறைக்குத் திரும்பாதவர் ஒரு பகடையை இழப்பார். அங்கே எங்கள் ஏற்பாடு: சத்தம் கேட்கும்போது மேஜையில் நின்றுவிட்ட பகடை செல்லும், உருண்டுகொண்டிருப்பது செல்லாது. கூடைப்பந்துக்கு நேர் எதிர் என்று மருமகன் குறைபட்டுக்கொள்கிறார். இருக்கட்டுமே, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதாதா?

ஆட்டத்தின் நடுவில் விதி பற்றியே சந்தேகம் வந்தால்? மணற்கடிகாரத்தைப் படுக்க வைத்தால் மணல் நின்றுவிடும். ஆனால் அந்த நேரத்தில் பலகையைப் பார்த்து யோசனை பண்ணினால் அது திருட்டு நேரம். பையன்கள் இதற்கென்றே சந்தேகம் கிளப்புவார்கள், நான் கண்டிருக்கிறேன். ஆகவே சந்தேகம் வந்தால் நமக்குப் பாதகமான அர்த்தத்தையே எடுத்துக்கொண்டு ஆடுவது, புத்தகத்தைப் பிறகு புரட்டுவது என்று வைத்திருக்கிறோம்.

இந்தச் சிக்கலை அமைப்பிலேயே தீர்த்தவர் செக் நாட்டுக்காரர் விளாடா ஹ்வாட்டில். அவருடைய 'ஸ்பேஸ் அலர்ட்' 2008-இல் வந்தது. விண்கலத்தில் யார் எப்போது என்ன செய்வது என்பதைப் பத்து நிமிஷத்துக்குள் சீட்டுகளாக அடுக்கி வைத்துவிட வேண்டும். ஒலிப்பதிவு ஒரு கட்டம் முடிந்தது என்று அறிவித்தால் அந்தக் கட்டத்துச் சீட்டுகளை மாற்ற முடியாது. பிறகு கடிகாரமே இல்லாமல், நிதானமாக ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து, கலம் பிழைத்ததா என்று தெரிந்துகொள்ளலாம். அவசரம் ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம். என் அபிப்பிராயத்தில் மூன்றில் இதுதான் உசத்தி. கற்றுக்கொள்ளத்தான் ஒரு சாயங்காலம் போய்விடும்.

மூன்று பெட்டிகளையும் கொண்டுவந்து சங்க அறையில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் வரலாம், பழைய ஆட்களும் வரலாம். அக்கா பேத்தியும் வந்திருக்கிறாள். கடிகாரம் பார்க்கப் போவது அவள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.