அச்சக் காலத்து வேண்டுதல்



உதகையில் 1829-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற தூய ஸ்தேவான் ஆலயத்தைக் கண்டிருப்பீர்கள். சீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையினின்று கொணரப்பெற்ற உத்தரங்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. 2020 மார்ச் 25-ஆம் நாள், கொரோனா நோயை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்த்தெழுந்த ஞாயிறு. நீலகிரி ஆலயங்களில் மக்கள் கூடவில்லை.

"கதவை அடைப்பது விசுவாசக் குறைவன்றோ?" எனப் பலர் வினவினர். ஐம்பது ஆண்டுகளாக ஞாயிறு வழிபாடு தவறாத எனக்கும் அவ்வையம் எழுந்தது.

விடை பழையது. 1527-இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, மார்ட்டின் லூதர் ஊரைவிட்டு ஓடவில்லை, நோயாளரைப் பேணினார். ஆயினும், மருந்தை இகழ்ந்து தேவையின்றி நோயினிடையே புகுவது இறைவனைச் சோதிப்பதாகும் என்றும் எழுதினார். ஆலயத்தின் உச்சியினின்று குதிக்குமாறு தூண்டப்பட்டபோது இயேசுபிரான் மறுத்ததும் இதனாலன்றோ?

2020 மார்ச் 27 அன்று, ஆளற்ற தூய பேதுரு சதுக்கத்தில், மழையினிடையே போப்பாண்டவர் பிரான்சிஸ் உலகிற்காக வேண்டினார். கூட்டமின்மை அவ்வேண்டுதலைச் சிறிதாக்கவில்லை.

நண்பர்களே, வேண்டுதல் அச்சத்தை நொடியில் போக்கும் மந்திரமன்று. அச்சத்தினிடையேயும் அயலானை மறவாதிருக்கச் செய்வது. முழங்காலினின்று எழுந்தவன் அண்டைவீட்டு முதியவர்க்கு அரிசி வாங்கித் தந்தானா? தோட்டத்து லயத்தில் நோயுற்றவனிடம் வெறுப்பின்றிப் பேசினானா? அதுவே அவன் வேண்டுதலுக்குரிய தேர்வு.