நீடித்து உழைக்கும் குடும்பக் கார்



எப்பொருளை வாங்கினும் “இஃது எத்தனை நாள் உழைக்கும்?” என்று கேட்பது நம்மவர் வழக்கம். பானைக்கும் பாய்க்கும் கேட்ட இவ்வினாவைக் காருக்கும் நாம் கேட்கிறோம். ஊரைவிட்டு வந்து பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தந்தை வாங்கிய கார் மகன் கைக்கு வந்திருக்கின்றது. அதனை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்பது இன்று பல வீடுகளில் எழும் வினா. பழைய குடும்பக் கார்களை நெடுநாள் ஓட்டியோர் கண்ட அனுபவத்தை ஆராய்ந்து, அவ்வினாவுக்கு ஒரு விடை காண முயல்வோம்.

நம் நாட்டுக் குடும்பங்கள் நெடுங்காலம் அறிந்திருந்த கார்கள் மூன்றே எனலாம். முதலாவது, வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்த அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றிய இது, 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை, புறத்தோற்றம் பெரிதும் மாறாமல் வெளிவந்தது. இரண்டாவது, பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தார் செய்த பியட் 1100. இதுவே 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. மூன்றாவது, 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் மாநிலத்திலேயே செய்யப்பட்டது என்பதால் நம்மவர்க்கு அதன்மீது தனிப் பற்று உண்டு.

இவ்வண்டிகள் உறுதியானவை என்று ஒரு சாரார் புகழ்வர். ஓயாமல் பழுதாகுபவை என்று மற்றொரு சாரார் இகழ்வர். இவ்விரு கூற்றும் மெய்யே. எங்ஙனம் எனின், உழைப்பு என்பது இருவகைப்படும். பழுதாகாமல் ஓடுவது ஒருவகை. பழுதானாலும் மீண்டும் எளிதில் செம்மையாவது மற்றொரு வகை. இன்றைய புதிய கார்கள் முதல் வகையில் சிறந்தவை. பழைய கார்கள் இரண்டாம் வகையில் சிறந்தவை. அம்பாசடரின் முன்புறத்தில் கிரீஸ் இடவேண்டிய இடங்கள் பல உள. உரிய காலத்தில் கிரீஸ் இடாவிடில் அவை விரைவில் தேயும். ஆனால் தேய்ந்த உறுப்பை மாற்றச் சிற்றூர்ப் பட்டறையும் போதும். ஹெரால்டின் முன்மூடியோ முழுதும் ஒன்றாக முன்னோக்கித் திறந்து, எஞ்சினை நாற்புறமும் கைக்கெட்டச் செய்யும். பிஸ்டன் தேய்ந்தால் சிலிண்டரைப் போர் செய்து புதிய பிஸ்டன் இடலாம். வால்வை அரைத்துப் பொருத்தலாம். இவற்றுக்குக் கணிப்பொறி வேண்டா, கைத்திறன் வேண்டும்.

இவ்வண்டிகளின் வலிமைக்கு வாடகைக் கார்களே சான்று. பம்பாய்த் தெருக்களில் பகலும் இரவும் ஓடிய பத்மினி வாடகைக் கார்களில் கடைசி வண்டி, 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. இருபது ஆண்டு என்னும் வயது வரம்பு நிறைந்ததே அதற்குக் காரணம்.

இனிப் பெங்களூரின் நிலையைப் பார்ப்போம். இவ்வூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதனால் பழைய காருக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மையாவது, இங்கே உப்புக்காற்று இல்லை. சென்னையில் கடற்கரையை அடுத்து நின்ற வண்டியின் கதவடியும் தரைத்தகடும் துருவேறி உதிர, இங்கு நின்ற வண்டியின் தகடு பல ஆண்டு நலமாக இருக்கக் காண்கிறோம். எஞ்சினை மாற்றலாம், அரித்துப்போன உடலை மீட்பது அரிது. ஆதலின் பழைய காரை வாங்குவோர் எஞ்சினின் ஒலியைக் கேட்குமுன், கீழே குனிந்து தகட்டைப் பார்ப்பதே அறிவுடைமை.

தொல்லையாவது, இங்கே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு குறைவு. சென்னையில் சீர்செய்த கார்புரேட்டர் இங்கு வந்ததும், காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊட்டும். பிளக்கில் கரி படியும்; பெட்ரோல் செலவு கூடும். “ஊர் மாறியதும் வண்டி கெட்டுவிட்டது” என்று வருந்துவோர், கார்புரேட்டரைச் சற்றே திருத்தினால் போதும். இவ்வூரின் போக்குவரத்து நெருக்கடியில் கிளச்சும் ரேடியேட்டரும் படும் பாடு வேறு.

ரேடியேட்டர் என்றதும் நம் அனுபவம் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. நாம் வைத்திருந்த காரின் பெயர் இங்கு வேண்டா. ஏனெனில் குற்றம் காருடையது அன்று, நம்முடையது. சிவாஜி நகரில் முதிய மெக்கானிக் ஒருவர், “ஐயா, இந்தத் தண்ணீர்க் குழாய் இறுகி வெடித்திருக்கிறது, கோடைக்கு முன் மாற்றிவிடுங்கள்” என்று இருமுறை சொன்னார். சிறு செலவுதானே, பிறகு பார்ப்போம் என்று நாம் தள்ளிப்போட்டோம். சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில் அக்குழாய் வெடித்தது. அப்போதேனும் நிறுத்தினோமா? மேட்டைக் கடந்துவிடலாம் என்று மேலும் ஓட்டினோம். எஞ்சினின் தலைப்பகுதி சூட்டில் வளைந்துபோயிற்று. எழுபதைக் கடந்த அன்னையார் மூன்று மணி நேரம் சாலையோரப் புளியமர நிழலில் அமர்ந்திருந்தார். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாயிற்று. பழைய கார் எச்சரித்த பின்னரே ஏமாற்றும் என்பதும், அவ்வெச்சரிக்கையைக் கேட்கும் செவி உடையவனுடையது என்பதும் அன்று நாம் கற்ற பாடம்.

காலம் கொண்டுவந்த மாறுதல்கள் சிலவற்றையும் கருத வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நம் நாட்டில் நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அவ்வீயமே. இப்போது கடினமான இருக்கைகளை இட்டுக்கொள்வது நலம். 2025இல் பெட்ரோலில் எதனால் 20 விழுக்காடு கலப்பது நாடெங்கும் பரவியது. எதனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கும். ஆகவே அதற்கேற்ற குழாய்களை மாற்றுவதோடு, வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதையும் தவிர்த்தல் வேண்டும்.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் மறக்கக்கூடாத சட்டமும் ஒன்றுண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான காரை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. அதற்கு ஊரிலுள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. இம்மாநில வரியும் செலுத்த வேண்டும். மேலும் தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ஆயிற்று. தந்தையின் காரை ஊரிலிருந்து கொண்டுவர எண்ணுவோர், அன்பைக் கணக்கிடுமுன் இச்செலவையும் கணக்கிடுக.

பாதுகாப்பையும் மறைத்தல் கூடாது. அம்பாசடரின் நான்கு சக்கரங்களுக்கும் நெடுங்காலம் டிரம் பிரேக்குகளே இருந்தன. மோதலின்போது காக்கும் காற்றுப்பைகள் இவ்வண்டிகளில் இல்லை. தகடு தடித்தது என்பதால் ஆள் பிழைப்பான் என்று நம்புவது பேதைமை. விரைவுச் சாலையில் நாள்தோறும் குழந்தைகளை ஏற்றிச் செல்ல இவை ஏற்றவை அல்ல.

எனின், நம் விடை யாது? காலை வேலைக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே காரை நம்பியிருப்போர், பழையதை நல்ல கையில் ஒப்படைத்துவிடுதல் தகும். மாறாக, தகடு நலமாயிருந்து, அறிந்த மெக்கானிக் அருகிலிருந்து, வாரம் ஒருமுறை எண்ணெயும் தண்ணீரும் பார்க்கும் பொறுமையும் இருப்பின், அதனை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை லால்பாகு வரை சென்றுவர அது இன்னும் பல்லாண்டு உழைக்கும். தொப்பூரில் சூடேறிய அந்த எஞ்சினும் தலைப்பகுதியைச் செதுக்கிச் சமன்செய்த பின் மீண்டும் ஓடியது. முன் இருக்கையில் அன்னையாரே அமர்ந்து வந்தார். புறப்படுமுன் அவர் கேட்டது ஒன்றே: “குழாயைப் பார்த்தாயா?” பழைய கார் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் அதுவே.