பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வீடியோ கேமும் வன்முறையும்

(சிந்தாதிரிப்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்தப் பேட்டையின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. விடை சரியாகவே இருந்தாலும், வழிமுறை எழுதாத பிள்ளைக்கு அவர் மதிப்பெண் போடமாட்டாராம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளும் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதிவைத்த ஒரு கணக்குதான். ‘வீடியோ கேம் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் ஆக்குகிறது’ என்பதே அந்த விடை.

இதைப் பேசச் சிந்தாதிரிப்பேட்டை பொருத்தமான இடம். 1734-இல் கூவத்தின் வளைவில் நெசவாளர்களுக்காக உருவான ஊர் இது. இன்று இதன் ஓரத்தில் ரிச்சி தெரு இருக்கிறது. எத்தனையோ வீடுகளுக்கு டிவி கேம் பெட்டியும் ஜாய்ஸ்டிக்கும் கேம் சிடியும் அந்தத் தெருவிலிருந்துதான் போயின. அப்படி விளையாடி வளர்ந்தவர்கள் இன்று பெற்றோர்களாக இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1. மதுரையும் நீலத் திமிங்கலமும்

2017 ஆகஸ்ட் இறுதியில் மதுரை அருகே 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்பில், தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூ வேல்’ (நீலத் திமிங்கலம்) என்ற இணைய விளையாட்டின் பெயர் இருந்தது. அடுத்த சில வாரங்கள் தமிழ்நாடு எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. திமிங்கல உருவம் கீறப்பட்டிருக்கிறதா என்று தூங்கும் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்க்காத பெற்றோர் குறைவு.

ஆனால் தரவிறக்கிக்கொள்ளும் செயலியாக அப்படி ஒன்று இல்லை. அது செயலி அல்ல, ஆகவே தடுத்து நிறுத்த இயலாது என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நாட்டில் ‘புளூ வேல்’ என்று சொல்லப்பட்ட மரணங்களை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. இறந்தவர்களின் இணையப் பயன்பாடு, கைப்பேசி அழைப்புகள், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றையும் அது பார்த்தது. எந்த ஒரு மரணத்திலும் அந்த விளையாட்டின் தொடர்பு உறுதியாகவில்லை என்று 2018 ஜனவரியில் உள்துறை இணை அமைச்சர் ஹன்ஸ்ராஜ் அஹிர் மக்களவையில் தெரிவித்தார்.

அந்தப் பதில் வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறந்தவர்களை உண்மையில் வாட்டியது எது என்ற கேள்வியும் அதோடு போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அதுதான்.

2. லக்னோவும் தலைப்புச் செய்தியும்

2022 ஜூன் மாதம் லக்னோவில் 16 வயதுச் சிறுவன் தன் தாயைச் சுட்டுக்கொன்றதாகச் செய்தி வந்தது. பப்ஜி என்ற கைப்பேசி விளையாட்டை ஆடவிடாமல் தடுத்ததே காரணம் என்று காவல்துறை சொன்னது. நாடு முழுவதும் அதுவே தலைப்பானது. படைவீரரான தந்தையின் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருந்தது என்பது செய்தியின் உள்ளே எங்கோ கிடந்தது.

அடுத்த மாதத் தொடக்கத்தில், பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 10 கோடிப் பயனர்களைத் தாண்டிவிட்டதாக அதன் நிறுவனம் அறிவித்தது. பத்துக் கோடிப் பேர் விளையாடும் நாட்டில், குற்றம் செய்த பையன் யாராக இருந்தாலும் அவன் கைப்பேசியில் அந்த விளையாட்டு இருக்க வாய்ப்பு உண்டு. அது இருந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. பூட்டாத துப்பாக்கி எத்தனை வீடுகளில் இருக்கிறது? அங்கேதான் விசாரணை தொடங்கியிருக்க வேண்டும்.

தடைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை பப்ஜியைத் தடை செய்து, விளையாடிய இளைஞர்களைக் கைதே செய்தது. 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு அது உள்ளிட்ட 118 செயலிகளை முடக்கியது. சீனாவுடனான கல்வான் எல்லை மோதலுக்குப் பிந்தைய அந்த ஆணை சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். பிள்ளைகளின் மனநலம் அதில் பேசப்படவில்லை. மீண்டு வந்த பதிப்பில் ரத்தத்தின் நிறம் பச்சை ஆனது. சிறுவர்களுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் என்று வரம்பும் வந்தது. நேர வரம்பு பயனுள்ளது. பச்சை ரத்தத்தால் யாருக்கு என்ன நன்மை என்று எனக்குத் தெரியவில்லை.

3. ஆய்வுகள் சொல்வது என்ன?

1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்ட மாணவர்கள் ‘டூம்’ என்ற சுடும் விளையாட்டை ஆடியவர்கள் என்றதும், கொலைக்கு விளையாட்டே காரணம் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. 2000-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், டில் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் சோதனை இது: சில மாணவர்கள் சுடும் விளையாட்டு ஆடினார்கள், சிலர் அமைதியான விளையாட்டு ஆடினார்கள். பிறகு, யார் முதலில் பொத்தானை அழுத்துவது என்று ஒரு போட்டி. தோற்றவர் காதில் இரைச்சல் கேட்கும். அது எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பதை எதிராளி முடிவு செய்வார். சுடும் விளையாட்டு ஆடியவர்கள், போட்டியில் தோற்ற பிறகு, இரைச்சலைச் சற்றே கூடுதல் நேரம் ஒலிக்கவிட்டார்கள்.

அது எரிச்சலின் அளவு. எரிச்சல் உண்மைதான், ஆனால் எரிச்சலுக்கும் அரிவாளுக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. பல நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட இளையோரைக் காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த 24 ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். வன்முறை விளையாட்டு ஆடுபவர்களிடம் கைகலப்பு சற்றே கூடுகிறது என்றது அந்தத் தொகுப்பு. விளைவு சிறியது, ஆனால் சுழியம் அல்ல. மறுபுறம், 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரிஸிபில்ஸ்கி, தம் சக ஆய்வாளரோடு, 14, 15 வயதுப் பிரிட்டன் பிள்ளைகள் ஆயிரம் பேரை ஆராய்ந்தார். எதை எப்படி அளப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு நடத்திய ஆய்வு அது. அதில் தொடர்பு எதுவும் தென்படவில்லை. 2020-இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் நிலையைத் தெளிவாக்கியது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு; கொலை போன்ற வன்முறைக்கு விளையாட்டே காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை; அப்படிச் சொல்வது மெய்யான காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும்.

வீடியோ கேம் வீட்டுக்கு வீடு இருக்கும் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் கொலைகள் மிகக் குறைவு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

4. படிக்கட்டில் கேட்டது

நம் பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் மாலை நேரங்களில் நான்கு பையன்கள் ‘ஸ்குவாட்’ (அணி) போட்டுக் கைப்பேசியில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “டேய், நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுடா!” “கவர் குடு மச்சி, வரேன்.” எதிரியைத் திட்டியதைவிட ஒருவனை ஒருவன் கூப்பிட்டதே அதிகம். பள்ளியில் தனியாக உட்காரும் பையனுக்கு அங்கே மூன்று பேர் கிடைக்கிறார்கள். அதைப் பிடுங்கினால் அவன் இழப்பது விளையாட்டை மட்டும் அல்ல.

அதற்காக எல்லாம் நலமே என்று நான் சொல்ல வரவில்லை. விடிய விடிய ஆடிவிட்டு முதல் பாடவேளையிலேயே தூங்கும் பிள்ளை இருக்கிறான். விளையாட்டில் ‘ஸ்கின்’ என்ற அலங்காரம் வாங்க அப்பாவின் கணக்கிலிருந்து பணம் எடுத்தவன் இருக்கிறான். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாத நிலையை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, இது போன்ற மிகையான தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே 2014-இல் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. தூக்கம், பணம், படிப்பு, தனிமை ஆகிய இந்தப் பாதிப்புகளுக்கு மருந்து உண்டு. கொலைப் பழியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அந்த மருந்தைத் தேட மறந்துவிடுவோம்.

5. மூன்று வேண்டுகோள்கள்

காவல்துறைக்கும் பத்திரிகை நண்பர்களுக்கும்: விளையாட்டின் பெயரை அறிவிப்பதற்கு முன்னால், ஆயுதம் எங்கிருந்து வந்தது, வீட்டில் அடி உதை இருந்ததா, பிள்ளை யாரிடமாவது உதவி கேட்டிருந்தானா என்று விசாரியுங்கள். அந்த விவரங்களையும் அதே பக்கத்தில் போடுங்கள். விசாரணை வேறு முடிவு சொன்னால், அதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

பள்ளிகளுக்கு: கைப்பேசியைப் பறிமுதல் செய்வதை ஆலோசனை என்று எண்ணாதீர்கள். பிள்ளைகள் நம்பிப் பேச ஓர் ஆளை நியமியுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையும் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும் வகுப்புக்கு வகுப்பு எழுதிவையுங்கள்.

பெற்றோருக்கு: இரவில் கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும். பகலில் ஓர் ஆட்டமாவது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்ன ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவன் திடீரென்று பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், காரணம் திரையில் இருக்கிறது என்று முடிவு கட்டாமல் அவனையே கேளுங்கள். அவன் சொல்லும் பதில் வகுப்பறையைப் பற்றியதாக இருக்கலாம், தெருவைப் பற்றியதாக இருக்கலாம், நம்மைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.